கல்லூரிப் பிள்ளைகளின் சோறும் தாத்தாவின் தாள்களும்

கல்வி கற்கச் செல்லும் பிள்ளைக்கு நூலினும் முந்தி வேண்டுவது சோறு. 2001 பிப்ரவரி 28-இல் நம் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் விடியுமுன் பெங்களூருக்குப் புறப்படும் புகைவண்டியை நம்பியே பல குடும்பங்கள் வாழ்கின்றன. சுமார் 100 கிலோமீட்டர் செல்லும் அவ்வண்டியில் உழைப்பாளரோடு மாணவரும் உளர். காலை உணவின்றிச் சென்று இரவு திரும்பும் பிள்ளைக்குப் பாடம் எங்ஙனம் மனத்தில் பதியும்?

அரசினர் இதற்கு வழி செய்யாமல் இல்லை. தாழ்த்தப்பட்டோர்க்குச் சமூக நலத்துறை விடுதிகளும், பிற்பட்டோர்க்குத் தனி விடுதிகளும் உணவும் உறையுளும் அளிக்கின்றன. விடுதியில் இடம் பெறாத பிற்பட்ட மாணவர்க்கென 2013-14-இல் ‘வித்யாசிரி’ திட்டம் தோன்றியது. தொடக்கத்தில் அது திங்களுக்கு 1,500 ரூபாய் வீதம் 10 திங்கள் வழங்கிற்று. நாளொன்றுக்கு 50 ரூபாய்; சிறிதெனினும் ஒரு வேளைப் பசியாற்றும்.

இவற்றைப் பெற வருமானச் சான்றும் சாதிச் சான்றும் வேண்டும். இங்கேதான் நம்மவர் இடறுகின்றனர். “உங்கள் பூர்விகம் வட ஆர்க்காடு அன்றோ?” என்ற வினா எழுந்ததும் பலர் வாய்மூடித் திரும்பிவிடுகின்றனர். அஃது தேவையில்லை. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ஆணை வெளிவந்த 1950 ஆகஸ்டு 10 அன்று குடும்பம் நிலையாக எங்கு வாழ்ந்தது என்பதே அளவுகோல். ஆதி திராவிடர் கருநாடகப் பட்டியலிலும் இடம் பெற்றுள்ளனர். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கப்பணி தொடங்கியது முதல் தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்வோர்க்கு இவ்வுரிமை உண்டு. அந்நாளுக்குப் பின் குடியேறியவர்க்கோ, 1990-ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி, இச்சலுகை தாம் விட்டுவந்த மாநிலத்திலேயே உரியது.

ஆதலின் பெற்றோர்களே, தாத்தாவின் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். சுரங்கத்தில் அவர் பணிசெய்த சான்று, பழைய பள்ளிச் சான்று, பிறப்புப் பதிவு ஆகிய எதையும் குப்பையென எறியாதீர்கள். அவற்றின் படிகளுடன் கல்லூரி திறப்பதற்கு முன்னரே தாசில்தார் அலுவலகத்தை அணுகுங்கள். மனுவைப் பதிவு செய்து, அதற்குரிய ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

பாட்டனார் பாதாளத்தில் உழைத்தார். அவர் விட்டுச்சென்ற தாள் பேரப்பிள்ளையின் இலையில் சோறாகட்டும்.