இரவிலும் ஆறாத கூரை

“ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் நின்றால் காற்று வருகிறது. உள்ளே வந்தால் வெக்கை தாங்க முடியவில்லை. ஜன்னலை எல்லாம் திறந்து வைத்தாலும் அப்படித்தான். ஏன்?” மேல்மாடியில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கோடைதோறும் லட்சக்கணக்கான வீடுகளில் எழும் கேள்வி இது. நம் மாநகராட்சிகளும் இதைக் கேட்டாக வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால் நிவாரணம் இறந்த பிறகு வருவது. இறக்காமல் காப்பது உள்ளாட்சியின் வேலை. அந்த வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பதை வாசகரின் வீட்டுக் கூரையே சொல்லிவிடுகிறது.

6 அங்குலக் கனமுள்ள கான்கிரீட் தளத்தில் ஒரு சதுர மீட்டரை மட்டும் எடுத்துக்கொள்வோம். எடை ஏறக்குறைய 360 கிலோ. அதற்கு நேர் கீழே, தரைவரை இருக்கும் காற்று மூன்றரைக் கிலோதான். ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்ற இரண்டுக்குமே ஏறத்தாழ ஒரே அளவு வெப்பம் போதும். ஆக, தளம் ஒரே ஒரு டிகிரி ஆறும்போது வெளிவிடும் வெப்பம், அடியிலுள்ள காற்றை 90 டிகிரிவரை ஏற்றக்கூடியது! அதில் ஒரு பகுதி மேலே வானத்துக்குப் போகிறது, ஒரு பகுதி ஜன்னல் வழியே வெளியேறுகிறது. என்றாலும் காற்றும் கான்கிரீட்டும் சமமான எதிரிகள் அல்ல. ஜன்னலைத் திறந்து மூன்றரைக் கிலோவை மாற்றுகிறோம். தலைக்கு மேலே 360 கிலோ அப்படியே இருக்கிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மேற்பரப்பில் ஏறிய சூடு கான்கிரீட்டுக்குள் ஓர் அலையாக மெல்ல இறங்குகிறது. 6 அங்குலத்தைக் கடக்க அதற்கு நான்கு மணி நேரம் போலப் பிடிக்கிறது. மேலே மதியம் 2 மணிக்கு உச்சம் என்றால், அடிப்பக்கத்தில் உச்சம் மாலை 6 மணிக்கு. சூரியன் சாயும் நேரத்தில்தான் நம் கூரைக்கு உச்சிவெயில் வருகிறது. அதன் பிறகும் அது சட்டென்று இறங்குவதில்லை. நள்ளிரவு தாண்டியும் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுக்கொண்டே இருக்கிறது.

மண்சட்டியில் குழம்பு வைத்தவர்களுக்கு இது புதிதல்ல. அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு கொதிக்கும், சட்டி அவ்வளவு சூட்டை வாங்கி வைத்திருக்கிறது. எவர்சில்வர் பாத்திரம் அப்படியில்லை; சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். தகரக் கூரை அந்த ரகம்: பகலில் உயிரை வாங்கும், இரவில் விட்டுவிடும். கான்கிரீட் மண்சட்டி ரகம். மின்விசிறி போடுவது சட்டிக்குள் கரண்டி விட்டுக் கிண்டுவது மாதிரி. குழம்பு சுற்றும், சட்டி ஆறாது. இன்னும் முக்கியமானது, சட்டி ஆறும் முன்பே மறுபடி அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்பது. நேற்றைய சூட்டின் மேல் இன்றைய சூடு ஏறும், கொதி முன்னைவிடச் சீக்கிரம் வரும். தொடர்ந்து நாலைந்து நாள் காயும்போது மேல்மாடி வீட்டுக்கு நடப்பது அதுதான். வெயில் ஏறாமல் அதே அளவில் நின்றாலும், மூன்றாம் நாள் இரவு முதல் நாள் இரவைவிட மோசமாக இருக்கும்.

சூடான கூரை காற்றை மட்டும் சூடாக்குவதில்லை. அதன் சூடு அகச்சிவப்புக் கதிர்களாக நேரே நம் தோல்மேல் இறங்குகிறது. நம் தோலின் வெப்பம் 35 டிகிரியை ஒட்டி இருக்கும். கூரையின் அடிப்பக்கம் 40 டிகிரியைத் தாண்டினால், படுத்திருக்கும் உடல் வெப்பத்தை வெளிவிடுவதற்குப் பதில் வாங்கத் தொடங்குகிறது. பிறகு வியர்வைதான் கதி. அதற்காக இதயம் தோலுக்கு இரத்தத்தை இறைத்தபடியே இருக்க வேண்டும். பகல் முழுக்க அப்படி உழைத்த இதயத்துக்கு இரவிலாவது ஓய்வு வேண்டும். முதியவரின், ஏற்கெனவே நோயுள்ளவரின் இதயம் அந்த ஓய்வு கிடைக்காமல்தான் நின்றுபோகிறது. சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதப்படும். வெப்பத்தின் பெயர் எங்கும் வராது.

1995 ஜூலையில் சிகாகோவில் வெப்ப அலை எழுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. யார் இறந்தார்கள் என்று வீடு வீடாக ஆராய்ந்தபோது, தனியாக வாழ்ந்தவர்களோடு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தவர்களும் கூடுதல் ஆபத்தில் இருந்தது தெரிந்தது. நம் நாட்டில் பாடம் கற்றது அகமதாபாத். 2010 மே மாதம் அங்கே வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. 2009, 2011 மே மாதங்களோடு ஒப்பிட்டபோது, அந்த ஒரே மாதத்தில் 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். 2013இல் அகமதாபாத் மாநகராட்சி தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது: முன்னறிவிப்பு, நிற எச்சரிக்கை, மருத்துவப் பணியாளருக்குப் பயிற்சி, எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க ஓர் அதிகாரி.

இந்தத் திட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 உயிர்களைக் காத்தது என்று 2018இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இந்த எண்ணை மேடைதோறும் சொல்கிறார்கள். முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பெற்ற மதிப்பீடு அது. அதே ஆண்டுகளில் மாறிய மற்றவற்றை முழுதாகப் பிரித்தெடுப்பது கடினம். என்னை நம்ப வைத்தது வேறொரு சின்னத் தகவல். மாநகராட்சியின் ஷார்தாபென் மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல்தளத்தில், கூரைக்கு நேர் அடியில் இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்ப பாதிப்போடு தீவிர சிகிச்சைக்கு வரும் பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. புதுக் கருவி இல்லை, செயலி இல்லை. குழந்தைகளை ஆறாத சட்டியின் அடியிலிருந்து நகர்த்தினார்கள், அவ்வளவுதான்.

எல்லோரையும் கீழே இறக்க முடியாது, அடுப்பைத் தணிக்கலாம். உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் கூரைமேல் ஆயிரம் வாட் அளவுக்கு ஆற்றல் விழுகிறது. வெறும் சாம்பல்நிறக் கான்கிரீட் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அகமதாபாத் 2017இல் ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசத் தொடங்கியது இதற்காகத்தான். பெயிண்ட் விளம்பரங்களில் வரும் பெரிய எண்களை நம்பி ஏமாற வேண்டாம். அவை கூரையின் மேற்பரப்பில் அளந்தவையாக இருக்கலாம். அறைக்குள் கிடைப்பது பெரும்பாலும் சில டிகிரிதான். ஒரு கோடையின் தூசி படிந்தால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். எனவே ஒருமுறை அடித்துப் படமெடுத்துக்கொள்வது திட்டமாகாது. ஆண்டுதோறும் கோடைக்கு முன் பூச நிதி ஒதுக்குவதுதான் திட்டம். நம் ஊர்க் கொத்தனார்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்ததும் சட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு தடுப்பு வைத்ததுதான். செலவைக் குறைக்க அதைக் கைவிட்ட வீடுகளில் இன்று இரவெல்லாம் வேகிறோம்.

நம் கடற்கரை நகரங்களுக்கு இன்னொரு சிக்கல். ‘சூடான இரவு’ என்று அறிவிக்க, அன்றைய பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும் என்பது இந்திய வானிலைத் துறையின் அளவுகோல். சென்னையிலோ தூத்துக்குடியிலோ பகலில் 38 டிகிரி, இரவெல்லாம் ஈரப்பதமும் புழுக்கமும் என்றால், வியர்வை உலராமல் உடல் தவிக்கும். ஆனால் அந்த இரவு ஏட்டில் சூடான இரவு ஆகாது. அகமதாபாத்தின் வறண்ட வெப்பத்துக்கு வகுத்த எண்களை அப்படியே நகலெடுத்தால் நம் ஊருக்கு உதவாது.

நீர்மோர்ப் பந்தல் பகலில் தெருவில் நடப்பவரைக் காக்கும், அது வேண்டும். ஆனால் படுக்கையில் கிடக்கும் பாட்டி பந்தலுக்கு வரமாட்டார். மாநகராட்சிகளிடம் நாம் கேட்க வேண்டியவை எளியவை. மேல்மாடியில் தனியாக வாழும் முதியோரின் பட்டியல் ஒவ்வொரு வார்டிலும் இருக்கட்டும். எச்சரிக்கை நாளில் மாலையில் ஒருவர் கதவைத் தட்டட்டும். அரசு மருத்துவமனை, அங்கன்வாடி, அரசுப் பள்ளி, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய வீடுகளின் கூரைகளுக்கு மார்ச் முடிவதற்குள் சுண்ணாம்பு அடிக்கட்டும். வார்டுக்குப் பத்து வீடுகளில் கூரையின் அடிப்பக்க வெப்பத்தை இரவு 10 மணிக்கு அளக்கட்டும். ஒவ்வொரு கோடையிலும் இறப்புகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு எண்ணிக்கையை வெளியிடட்டும். அந்த எண்ணிக்கை கைக்கு வந்தால்தான் நாம் செய்தது பலித்ததா என்று தெரியும்.