மாணவர்களுக்கு வடிநிலப் பாடம்: திரையிலும் கரையிலும்

தம் ஊர் ஏரியின் வரத்துக்கால்கள் எந்தெந்த மேட்டிலிருந்து மழைநீரைக் கொண்டுவருகின்றன என்பதைக் குடியானவர் ஒவ்வொருவரும் அறிவர். அம்மேடுகள் யாவும் சேர்ந்த நிலப்பரப்பே அவ்வேரியின் வடிநிலம் எனப்படும். ஆற்றுக்கும் கடலின் விரிகுடாவுக்கும் இவ்வாறே வடிநிலம் உண்டு. மேட்டில் இட்ட உரமும், கொட்டிய கழிவும், கரைந்த மண்ணும் மழையோடு இறங்கிக் கீழேயுள்ள நீரைச் சேர்கின்றன. இவ்வுண்மையைச் சிறுவர்க்குக் கற்பிக்க அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கையாளப்படும் முறையொன்றை ஈண்டு விவரிப்போம்.

அந்நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடா சுமார் 200 மைல் நீளமுள்ளது. ஆயினும் அதன் சராசரி ஆழம் சுமார் 21 அடியே. அதன் வடிநிலமோ 64,000 சதுர மைல். ஆறு இராஜ்யங்களின் பகுதிகளும் தலைநகரான வாஷிங்டனும் அதில் அடங்கும். 1 கோடியே 80 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்கின்றனர். ஆழமற்ற நீரில் இத்தனை பெரிய நிலத்தின் வடிகால் வந்து விழுவதால், நிலத்தில் நேரும் தவறு நீரில் விரைவில் தோன்றுகிறது.

அத்தவறு யாதெனில், வயல்களிலிருந்தும் தொழுவங்களிலிருந்தும் நகரச் சாக்கடைகளிலிருந்தும் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதியாக நீரிற் கலப்பதேயாம். பயிரை வளர்க்கும் அச்சத்துக்கள் நீரில் பாசியை வளர்க்கின்றன. பாசி மடிந்து அழுகும்போது நீரிற் கரைந்துள்ள பிராணவாயு செலவாகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே அது குறையுமாயின், மீனும் நண்டும் அவ்விடத்தை விட்டு ஓட வேண்டும். ஓட இயலாத சிப்பிகள் மடிய நேரிடும். கோடைதோறும் அவ்விரிகுடாவின் ஆழமான பகுதிகளில் இத்தீங்கு நேர்கிறது.

விரிகுடாவுக்கு வரும் நன்னீரில் ஏறக்குறைய பாதியைத் தருவது ஸஸ்குவஹான்னா ஆறு. அது நியூயார்க் இராஜ்யத்தில் தோன்றி 444 மைல் ஓடி வருகிறது. அதன் தலைப்பில் உழும் குடியானவரும் அவர் பிள்ளைகளும் விரிகுடாவை ஒரு முறையேனும் கண்டிருப்பது அரிது. தாம் காணாத நீருக்குத் தாமும் பொறுப்பாளர் என்பதை அப்பிள்ளைகளுக்கு எவ்வாறு உணர்த்துவது? இதுவே ஆசிரியர்களின் முன் நின்ற வினா.

மாணவர் ஒவ்வொருவரும் பள்ளிப்படிப்பை முடிக்குமுன் விரிகுடாவிலோ ஓடையிலோ நேர்முகப் பயிற்சி பெறவேண்டுமென்று 2000-ஆம் ஆண்டின் உடன்படிக்கை வகுத்தது. தொடக்க, நடு, உயர்நிலை வகுப்புக்கள் ஒவ்வொன்றிலும் ஒரு முறையேனும் அது வேண்டுமென 2014-ஆம் ஆண்டின் உடன்படிக்கை விரித்தது. 2020-இல் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஆசிரியர்கள் திரைவழிப் பாடங்களைப் பெரிதும் நாடலாயினர்.

பென்ஸில்வேனியாவில் 1967-இல் நிறுவப்பெற்ற ஸ்ட்ரௌட் நீராராய்ச்சி நிலையம் இணையத்தில் அமைத்துள்ள வடிநிலப் படம் இதற்கு நல்ல உதாரணம். மாணவன் படத்தில் தன் பள்ளியைச் சுட்டினால், அவ்விடத்து வடிநிலத்தின் எல்லை வரையப்படுகிறது. அதில் காடு எவ்வளவு, வயல் எவ்வளவு, வீடும் சாலையும் எவ்வளவு என்பது தெரியவரும். பின்பு ஒரு நாள் மழையை அளவிட்டுப் பெய்வித்தால், நிலத்தில் ஊறுவது, ஆவியாவது, வழிந்தோடுவது ஆகிய மூன்றும் தனித்தனியே காட்டப்படும். காட்டை அழித்துச் சாலையாக மாற்றினால் வழிந்தோடும் நீர் பெருகுவதையும், மூடுபயிர் விதைத்தாலும் ஓடைக்கரையில் மரம் வளர்த்தாலும் மாடுகள் ஓடையில் இறங்காதபடி வேலியிட்டாலும் மாசு குறைவதையும் அவன் கண்டறியலாம். நிலத்தில் பல்லாண்டு கழிந்து தோன்றும் பலன் திரையில் சில நொடிகளில் தோன்றுகிறது.

எனினும் திரை காட்டுவது கணக்கிட்ட மதிப்பேயன்றி அளந்து கண்டதன்று. ஆகையால் ஓடையின் நீரை மாணவன் தன் கையால் சோதித்தல் இன்றியமையாதது. கருப்பும் வெள்ளையுமாகத் தீட்டிய, 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தால் கலங்கல் தெரியும். பிராணவாயுவை அளக்கும்போது நீரின் வெப்பத்தையும் உடன் குறிக்கவேண்டும். 0 டிகிரி சென்டிகிரேடில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் வரை கரையும் பிராணவாயு, 30 டிகிரியில் 7.6 மில்லிகிராமே கரையும். அளந்த நேரத்தையும் எழுதிவைத்தல் வேண்டும். பாசி மிகுந்த நீரில் மாலையில் நிறைந்திருக்கும் பிராணவாயு விடியுமுன் மிகக் குறைந்துவிடும்.

இப்பாடம் குடியானவரைக் குற்றவாளியாக்குவதற்கன்று. மழையில் அடித்துச் செல்லப்படும் உரம் ஆற்றுக்குக் கேடு. விலை கொடுத்து வாங்கியவருக்கும் நஷ்டம். பள்ளியிலிருந்து வந்த பிள்ளை, "அப்பா, நாம் இட்ட உரத்தில் பயிர் உண்டது எவ்வளவு, ஓடையிற் போனது எவ்வளவு?" என்று வினவினால், அவ்வினாவை அலட்சியம் செய்யாது, பெருமழை வருமுன் உரமிடுவதைத் தவிர்த்தும், வரப்பை உயர்த்தியும், கரையில் புல்லும் மரமும் வளர்த்தும் விடையளித்தல் பெற்றோர் கடமையாகும்.