பழைய ஜீப்பிற்குப் பழைய கியர்ப் பெட்டி

மலைச்சாலையில் இறங்கும் ஜீப்பில் இரண்டாவது கியர் தானாகவே கழன்றுகொள்வதுண்டு. ஒரு குலுக்கல், கியர்க் கம்பி நடுநிலைக்கு வந்து நின்றுவிடும். அதுவரை வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருந்த என்ஜினின் பிடி அக்கணமே அற்றுப்போக, வண்டியின் பாரம் அனைத்தும் பிரேக்கின்மீது விழும். சில ஆண்டுகளுக்கு முன் முசூரியிலிருந்து டேராடூனுக்கு நண்பரொருவரின் ஜீப்பில் இறங்கும்போது நமக்கு இது நேர்ந்தது. இரண்டு கொண்டையூசி வளைவுகளுக்குள் மும்முறை கழன்றது. மீதிப் பாதை முழுவதும் நண்பர் ஒரு கையால் கியர்க் கம்பியை அழுத்திப் பிடித்தவாறே வண்டியை இறக்கினார். அந்தக் கியர்ப் பெட்டியோ, மூன்று வாரங்களுக்கு முன் டில்லியில் நாமும் உடனிருந்து விலை பேசி வாங்கியது. சாம்பல் வர்ணம் பூசிப் பளபளப்பாக இருந்தது. கையால் சுற்றிப் பார்த்தோம், சுற்றிற்று. அவ்வளவுதான் நாம் செய்த சோதனை.

பின்னர் அதன் மூடியைத் திறந்து பார்த்தபோது குற்றம் கண்ணெதிரே இருந்தது. அம்மூடியைப் பிடித்திருப்பவை ஆறே திருகாணிகள். அவற்றைக் கடையிலேயே அவிழ்த்திருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும். அன்றைய அச்சமும் நேர்ந்திராது. ஆதலால் கியர்ப் பெட்டி வாங்குவதைப்பற்றிப் பேசும்போது, மூடியைத் திறக்கும் காரியத்தையே நாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் வண்டியைப்பற்றிச் சிறிது. வில்லிஸ் நிறுவனம் 1953-இல் வெளியிட்ட சி.ஜே.-3பி என்னும் உயர்ந்த முகப்புடைய ஜீப்பை மஹிந்திரா நிறுவனத்தார் உரிமம் பெற்று நம் நாட்டில் பல்லாண்டுகள் உற்பத்தி செய்தனர். தேயிலைத் தோட்டங்களிலும், வனத்துறையிலும், அணைக்கட்டுப் பணிகளிலும் உழைத்த வண்டி இதுவே. இதில் டி-90 என்னும் மூன்று கியர்ப் பெட்டி உண்டு. அதன் பின்முகத்தில், முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிரான்ஸ்பர் பெட்டி இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். முதல் கியரில் என்ஜின் ஏறத்தாழ 2.8 முறை சுற்றினால், பெட்டியினின்று வெளிவரும் தண்டு ஒரு முறை சுற்றும். இரண்டாவது கியரில் அது 1.55, மூன்றாவதில் நேருக்கு நேர். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே வேகத்தை ஒப்பாக்கும் பித்தளை வளையங்கள் உள்ளன. முதல் கியருக்கும் பின்னோக்கும் கியருக்கும் அவை இல்லை. ஆதலின் வண்டி நிற்குமுன் முதல் கியருக்குத் தள்ளிய ஒவ்வொரு ஓட்டுநரும் அச்சக்கரத்தின் பற்களில் தம் கையெழுத்தை இட்டுச் சென்றிருக்கிறார்.

இப்பெட்டி இன்று எங்கே கிடைக்கும்? டில்லியில் மாயாபுரி, மும்பையில் குர்லா, கொல்கத்தாவில் மல்லிக் பஜார் ஆகியவை பழைய மோட்டார் உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற இடங்கள். அங்கெல்லாம் விற்பவர் கபாடி. பழுது பார்ப்பவர் மிஸ்திரி. எந்தப் பெட்டியைக் கேட்டாலும் "ஏக்தம் டனாடன்" என்ற விடையே வரும். குறைவற்றது என்பது அதன் பொருள். நேயர்கள் அதற்கு மறுமொழியாக ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போவது நலம்: "டக்கன் கோல்கர் திகாயியே." மூடியைத் திறந்து காட்டுங்கள் என்று மரியாதையுடன் கேட்பது இது. இலக்கண சுத்தமாகச் சொல்லவேண்டும் என்ற கவலை வேண்டா. ஸ்பேனரைக் கையில் எடுத்தபடி சொன்னால் போதும்.

சரக்கு எங்கிருந்து வந்தது என்பதும் கேட்கத் தக்கதே. நம் நாட்டுப் பதிவுச் சான்றிதழில் என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் குறிக்கப்படுகின்றன. கியர்ப் பெட்டிக்கு அத்தகைய பதிவு எண் கிடையாது. திருட்டு வண்டிகளைப் பிரிப்போருக்கு இது வசதி. திருட்டு வண்டிகளின் உறுப்புகளுக்குப் பேர்போன மீரட் நகரத்துச் சோதிகஞ்ச் சந்தை 2021 டிசம்பரில் போலீஸாரால் மூடப்பட்டது. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ நேர்மையின்றி வாங்குவோருக்குப் பாரதிய நியாய சன்ஹிதையின் 317-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆகவே, தேதியும், கடையின் பெயரும், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதும் எழுதிய ரசீது பெறுக. ஓட்டிப் பார்த்தபின் குற்றம் கண்டால் திருப்பிக்கொள்வதற்கான தவணையையும் அதிலேயே எழுதச் சொல்லுக. எழுத மறுப்பவரிடம் விலை குறைவாக இருந்தாலும் வாங்காமல் திரும்புவதே மேல். டில்லியிலும் சுற்றுப்புறத்திலும் வாழ்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளையும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் பற்றி 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் தடையுத்தரவுகள் பிறப்பித்தன. பின்னர் அவை மாறுதல்களுக்கும் உள்ளாயின. தம் வண்டி சாலையில் ஓடலாமா என்பதைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே கியர்ப் பெட்டிக்குப் பணம் செலவிடுதல் விவேகம்.

இனி மூடியைத் திறப்போம். அதற்கு முன், அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றி, சொட்டும் எண்ணெயை வெள்ளைத் துணியில் ஏந்திப் பாருங்கள். பொன் துகள்போல மினுங்கும் மென்தூள் பித்தளை வளையத்தின் இயல்பான தேய்மானம்; சிறிதளவு இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. விரலில் உறுத்தும் இரும்புச் சில்லு இருந்தால் பல் உடைந்திருக்கிறது. பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்து நாட்பட்டது. எண்ணெயே இல்லாமல் கழுவித் துடைத்து வர்ணமும் பூசியிருந்தால், எதையோ மறைக்கவே கழுவினார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

ஆறு திருகாணிகளையும் எடுத்துவிட்டு, கியரை நடுநிலையில் வைத்து, மூடியை நேராக மேலே தூக்குக. கியர்களைத் தள்ளும் கவைகள் மூடியோடேயே வந்துவிடும். அவற்றைத் தாங்கும் கம்பிகளை மட்டும் கடையில் உருவாதீர்கள். உள்ளிருக்கும் குண்டும் சுருள்வில்லும் துள்ளி ஓடினால் மாயாபுரியின் சேற்றில் தேடி எடுக்க முடியாது. கவைகளின் நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பியையும் முன்னும் பின்னும் நகர்த்தினால், உரிய இடத்தில் 'டக்' என்று விழுந்து நிற்கவேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் சுருள்வில் தளர்ந்துவிட்டது. கியர் கழல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் சிறு செலவில் தீரும் காரணம்.

பெருஞ்செலவு வைக்கும் காரணம் உள்ளே இருக்கிறது. டார்ச் விளக்கொன்று கொண்டுபோவது நல்லது. பற்களின் முகம் வழவழப்பாகவும் ஒரே நிறமாகவும் இருக்கவேண்டும். அம்மைத் தழும்புபோல் குழிகள் விழுந்திருந்தால் மேற்பரப்பின் உறுதி போய்விட்டது என்பது பொருள். நீலம் பாய்ந்த கருமை, எண்ணெயின்றி ஓடிச் சூடேறியதன் அடையாளம். முதல் கியர்ச் சக்கரத்தின் ஓரப் பற்கள் சிறிது மழுங்கியிருப்பது எல்லாப் பெட்டியிலும் உண்டு. பாதிப் பல் வரை தின்னப்பட்டிருந்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

இரண்டாவது கியர்ச் சக்கரத்தின் பக்கத்தில், பித்தளை வளையத்தை ஒட்டி, சிறு பற்களின் வரிசை ஒன்று தெரியும். கியர் விழும்போது கவ்விக்கொள்பவை அவையே. அவற்றின் பக்கங்கள் நேராக இருக்கவேண்டும். ஆப்புப்போல் சரிந்து தேய்ந்திருந்தால், விசை ஏறும்போதும் இறங்கும்போதும் ஒன்றையொன்று வெளியே தள்ளும். நாம் வாங்கிய பெட்டியில் இருந்த குற்றம் இதுதான். பித்தளை வளையத்தைக் கூம்பின்மேல் விரலால் அழுத்தினால் அது பிடித்து நிற்கவேண்டும். அதற்கும் சக்கரத்திற்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் இடைவெளியும் இருக்கவேண்டும். இடைவெளி அறவே இல்லையெனில் வளையம் தேய்ந்து தீர்ந்தது. வளையம், பேரிங், எண்ணெய்ச் சீல் ஆகியவை புதிதாகவே கடைகளில் கிடைக்கின்றன. எவ்வாறாயினும் மாற்றவேண்டியவை அவை. ஆகவே அவற்றின் பழுதை விலை குறைக்கும் காரணமாகக் கொள்ளலாம். சக்கரங்களின் பழுதை அவ்வாறு கொள்ளலாகாது.

என்ஜின் பக்கம் நீண்டிருக்கும் முன் தண்டை ஆட்டிப் பார்த்து, ஆடுகிறதே என்று பலர் திகைக்கிறார்கள். அதன் முனைக்கு என்ஜினின் பின்புறத்திலுள்ள ஒரு புஷ் தாங்கலாக அமைகிறது; வெளியே கிடக்கும் பெட்டியில் அத்தாங்கல் இல்லாததால் முனை சிறிது ஆடுவது இயற்கை. முன்னும் பின்னும் இழுத்தால் தாராளமாக நகர்வதும், கரகரவென்று சுற்றுவதுமே குற்றம். இறுதியாக, வெளிக்கூட்டின் திருகுத் துளைகளைச் சுற்றி வெடிப்போ ஒட்டுவைத்த தடமோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வர்ணம் பூசுவது பெரும்பாலும் இந்த இடத்துக்காகத்தான்.

பெட்டி நல்லதாயினும் நம் வண்டிக்குப் பொருந்தவேண்டுமே! பெட்ரோல் என்ஜினோடு பிறந்த பல ஜீப்புகளில் பின்னர் டீசல் என்ஜின் ஏற்றப்பட்டது. நிறுவனமே பிற்காலத்தில் டீசல் வண்டிகளையும் நான்கு கியர்ப் பெட்டிகளையும் செய்தது. முன் தண்டின் நீளமும், அதன் வரிப்பள்ளங்களின் எண்ணிக்கையும், முனையின் பருமனும் இதனால் வேறுபடலாம். இதற்கு எளிய உபாயம், வண்டியின் பழைய கிளச் பிளேட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது. புதிதாக வாங்கும் பெட்டியின் தண்டில் அது தங்குதடையின்றி ஏறவேண்டும். பெல் ஹவுசிங்கின் துளைகளை அட்டையில் வெட்டிக்கொண்டு போனால் அதையும் வைத்துப் பார்க்கலாம். மூன்று கியர் வண்டிக்கு நான்கு கியர்ப் பெட்டி ஆசையூட்டும் பொருளே. ஆனால் நீளம் மாறினால் ப்ரொபெல்லர் ஷாப்டுகளையும் வெட்டியோ நீட்டியோ சரிப்படுத்த நேரும். முதன்முறையாக இவ்வேலையில் இறங்குவோர் இனத்தோடு இனமாக மாற்றுவதே நன்று.

பொருத்தும் வேலை பட்டறையில் நடப்பினும், உடனிருந்து கவனிக்கச் சில இடங்கள் உண்டு. இந்த ஜீப்பின் கைப்பிரேக் டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்தில் இருக்கிறது. பெட்டியும் ஷாப்டுகளும் இறங்கியதும் வண்டிக்குக் கைப்பிரேக் என்பதே இராது. ஆதலின் முதலாவதாக நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுக்கவேண்டும். என்ஜினின் பின்பாரத்தைத் தாங்குவதும் பெட்டிக்கடியிலுள்ள குறுக்குச் சட்டமே. அதைக் கழற்றுமுன் என்ஜினுக்கடியில் மரப்பலகை வைத்து ஜாக்கி கொடுப்பது அவசியம். இரண்டு பெட்டிகளும் சேர்ந்து ஒருவர் தூக்கக்கூடிய எடையல்ல. மார்பின்மேல் வைத்துத் தள்ளும் வீரத்தைச் சில பட்டறைகளில் காண்கிறோம். பார்ப்பதற்கே பயமாக இருக்கிறது.

டிரான்ஸ்பர் பெட்டியிலிருந்து கியர்ப் பெட்டியைப் பிரிக்கும்போது ஒரு நுட்பம் உண்டு. பின்மூடியைக் கழற்றி, தண்டின் கடைசியிலுள்ள நட்டையும் பல்சக்கரத்தையும் எடுத்தபின், பெட்டிகளை இழுத்தால் நடுத்தண்டும் உடன் வர முயலும். வந்தால் உள்ளிருக்கும் வளையங்களும் சாவிகளும் சிதறிப்போகும். இரண்டாவது கியருக்குப் பின்னால் தண்டில் ஒரு கம்பியைச் சுற்றி, அதன் இரு முனைகளையும் மேல்மூடியின் முன் திருகாணிகள் இரண்டில் முறுக்கிக் கட்டிவிட்டால் தண்டு அசையாது. வில்லிஸ் கையேட்டிலேயே சொல்லப்பட்ட முறை இது.

பெட்டி கீழே இருக்கும்போதே கிளச் பிளேட்டு, அதன் பேரிங், முன் சொன்ன புஷ், என்ஜினின் பின் சீல் ஆகியவற்றை மாற்றிவிடவேண்டும். மறுபடி இறக்கும் கூலி அவற்றின் விலையை மிஞ்சும். கிளச் பிளேட்டை நடுவாக நிறுத்த, பழைய பெட்டியிலிருந்து எடுத்த முன் தண்டே சிறந்த கருவி. பின்பு பெட்டியை நேராக ஏற்றிக் கையால் தள்ளினால், முகத்தோடு முகம் படிந்து உட்காரவேண்டும். கடைசி அரையங்குலம் போகவில்லையென்றால், போல்ட்டுகளை முடுக்கி இழுக்கலாமென மிஸ்திரி சொல்லுவார். அனுமதிக்காதீர்கள். கூட்டின் காது உடையும். இல்லையேல் கிளச் பிளேட்டு வளையும். வெளியே எடுத்து, பிளேட்டின் நடுவை மீண்டும் சரிபார்த்து ஏற்றுவதே முறை. அதுபோலவே, பெட்டியின் பாரத்தை முன் தண்டின்மேல் தொங்கவிட்டுத் தேநீர் அருந்தப் போவதும் கூடாது.

எண்ணெய் எஸ்.ஏ.ஈ. 90 தடிப்பு, வகையில் ஜி.எல்.-4 என்று கேட்டு வாங்குக. ஜி.எல்.-5 எண்ணெய்கள் பல பித்தளை வளையங்களுக்கு ஏற்றவையல்ல. கியர்ப் பெட்டிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், டிரான்ஸ்பர் பெட்டிக்கு ஒன்றரை லிட்டருமாகப் பிடிக்கும். பக்கத் துளையில் எண்ணெய் வழியத் தொடங்குவதே சரியான அளவு. வண்டியைத் தாங்குகட்டைகளின்மேல் உறுதியாக நிறுத்தி எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தபின், சமதரையில் சில நாள் ஓட்டுங்கள். அதன்பின் ஒரு சிறு சரிவில், இரண்டாவது கியரில் வைத்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். கம்பியில் கை வைக்காமலேயே கியர் நிற்கவேண்டும். ஐந்நூறு கிலோமீட்டரில் எண்ணெயை வடித்து, மறுபடியும் வெள்ளைத் துணியில் பார்த்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றவேண்டும்.

கழற்றிய பழைய பெட்டியை எடைக்கு எடுத்துக்கொள்வதாகக் கபாடி சொல்லி அனுப்புவார். நண்பரின் பழைய பெட்டி அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. அதன் மேல்மூடியையும் பின்னோக்கும் கியர்ச் சக்கரத்தையும் அவர் இதற்குள் இரு வேறு ஜீப்புகளுக்குக் கொடுத்துவிட்டார்.