இணைய வாயிலுக்குப் பூட்டு: சாவி யார் கையில்?

பிள்ளைகளின் படிப்பும் பொழுதுபோக்கும் கைப்பேசித் திரைக்குள் வந்துவிட்ட காலம் இது. வீட்டுப்பாடத்திற்கு விடை தேடும் அதே திரையில், வயதுக்கு ஒவ்வாத காட்சிகளும் இரண்டொரு தொடுதலில் வந்து நிற்கின்றன. இத்தகைய தளங்களை இணையச் சேவை நிறுவனங்களே முடக்கிவிட்டால் என்ன என்று பெற்றோர் கேட்பது இயல்பே. நம் நாட்டில் இது வெறும் கேள்வி அன்று. இருமுறை செய்து பார்க்கப்பட்ட முயற்சி.

இரு தடைகள்

ஆபாசத் தளங்களைத் தடைசெய்யக் கோரி, இந்தூரைச் சேர்ந்த வழக்கறிஞர் கமலேஷ் வாஸ்வானி 2013-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் தொடர்ச்சியாக, 2015 ஜூலை 31 அன்று 857 தளங்களை முடக்குமாறு தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. தனியுரிமையில் அரசு தலையிடுகிறது என்ற எதிர்ப்பு எழவே, சில நாள்களிலேயே ஆணை தளர்த்தப்பட்டது. குழந்தைகளைக் காட்டும் ஆபாசம் இல்லாத தளங்களைத் திறந்துவிடலாம் எனக் கூறப்பட்டது. எந்தத் தளத்தில் எது உள்ளது என்று தீர்மானிப்பது தங்களால் இயலாது என்றன சேவை நிறுவனங்கள்.

2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து தடை மீண்டும் வந்தது. இம்முறை முடக்கப்பட்டவை 827 தளங்கள். பழைய பட்டியலில் இருந்த 30 தளங்களில் ஆபாசம் எதுவும் இல்லை என்று கண்டறியப்பட்டதே எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம்.

தடை செயல்படும் விதம்

ஒரு தளத்தின் பெயரை நாம் தட்டச்சு செய்ததும், அதற்குரிய எண் முகவரியை டிஎன்எஸ் என்னும் பெயரேடு எடுத்துத் தருகிறது. சேவை நிறுவனம் பெரும்பாலும் இந்த ஏட்டிலிருந்துதான் பெயரை நீக்குகிறது. தளமோ வேறு பெயரில் மறுநாளே முளைத்துவிடும். பயனரும் விபிஎன் செயலி ஒன்றை நிறுவி, வேறு நாட்டின் வழியாக உள்ளே சென்றுவிடலாம்.

வங்கி வாடிக்கையாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. தடையைத் தாண்டுவதற்காகப் பிள்ளைகள் பதிவிறக்கும், பெயர் தெரியாத இலவச விபிஎன் செயலிகளில் சில, தீநிரல்களைச் சுமந்து வருபவை. பெற்றோரின் வங்கிச் செயலியும் யுபிஐ செயலியும் இருக்கும் கைப்பேசியிலேயே அவை நிறுவப்பட்டால், ஆபத்து குடும்பத்தின் சேமிப்பையும் தொடும்.

சட்டம் வகுத்த எல்லை

ஆபாச உள்ளடக்கத்தை மின்னணு வழியில் வெளியிடுவதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளின்படி குற்றம். குழந்தைகளைப் பாலியல் நோக்கில் காட்டும் உள்ளடக்கத்திற்கு 67பி பிரிவு உள்ளது. முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். அத்தகைய காட்சிகளைச் சேமித்து வைத்திருப்பது போக்சோ சட்டத்தின்படியும் குற்றமாகலாம் என்பதை 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இவ்வகை உள்ளடக்கத்தை அடியோடு முடக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. விவாதம் எல்லாம் வயதுவந்தோருக்கான மற்றவற்றைப் பற்றியதே.

அட்டை கற்பிக்கும் பாடம்

2020-இல் இந்திய ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி ஒன்றை இங்கே நினைவுகூரலாம். புதிதாக வழங்கப்படும் பற்று அட்டையிலும் கடன் அட்டையிலும் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி மூடப்பட்டே இருக்கும். வேண்டுபவர் தாமே திறந்துகொள்ளலாம். யாருக்கும் வசதி மறுக்கப்படவில்லை; கேட்காதவருக்கு ஆபத்தும் இல்லை.

பிரிட்டனில் 2013 முதல் பெரிய இணைய நிறுவனங்கள் ஏறத்தாழ இம்முறையையே கையாண்டன. குடும்ப வடிகட்டி முன்கூட்டியே இயங்கும். இணைப்புக்கு உரியவரான பெரியவர் விரும்பினால் நிறுத்திவிடலாம். 2025 ஜூலை முதல் அங்கே வயதைச் சரிபார்க்கும் பொறுப்பு தளங்கள் மீதும் சுமத்தப்பட்டுள்ளது.

முழுத் தடையைவிட, இந்த ‘மூடி வைத்துத் திறக்கும்’ முறையே நமக்கும் பொருத்தம் என்பது என் கருத்து. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அட்டைக்கு ரகசிய எண் காவல். ஆனால் நம் வீடுகளில் ஒரே கைப்பேசி பல கைகளுக்கு மாறுகிறது. பிடித்திருப்பவர் தந்தையா மகனா என்பதைச் சேவை நிறுவனம் அறியாது. அதை அறிந்தவர் வீட்டில் இருப்பவர் மட்டுமே.

வீட்டில் செய்யத்தக்கவை

• வைஃபை ரவுட்டரின் டிஎன்எஸ் அமைப்பில் 1.1.1.3 என்ற எண்ணை இட்டால், கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இலவசக் குடும்ப வடிகட்டி செயல்படும்.

• ஆண்ட்ராய்டில் கூகுள் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம் ஆகியவற்றின் மூலம், உங்கள் ஒப்புதலின்றிச் செயலிகளை நிறுவ இயலாதவாறு செய்யலாம்.

• வங்கிச் செயலி உள்ள கைப்பேசியைப் பிள்ளைகளின் பயன்பாட்டுக்குத் தராதீர்கள். யுபிஐ ரகசிய எண்ணை அவர்களிடம் பகிராதீர்கள்.

• ஆபாசக் காணொளி அழைப்பைப் பதிவுசெய்து பணம் கேட்டு மிரட்டுவோரிடம் பிள்ளை சிக்கினால், பணம் அனுப்பாதீர்கள், உரையாடல்களை அழிக்காதீர்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணையும் உங்கள் வங்கியையும் அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

மிரட்டலுக்கு ஆளான பிள்ளை, தந்தையின் கோபத்திற்கு அஞ்சி மௌனம் காக்கும்போது, மிரட்டுபவனின் கை ஓங்குகிறது. “எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல், திட்டமாட்டோம்” என்று இன்றே கூறிவையுங்கள். எந்தச் சேவை நிறுவனத்தாலும் அந்த உறுதியை உங்கள் சார்பில் அளிக்க இயலாது.