விரிசல் கண்ட மீன் தொட்டி

கும்மிடிப்பூண்டியில் நான் உயிரியல் கற்பிக்கும் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில், சன்னலோரமாக ஒரு மீன் தொட்டி இருந்தது. எங்கள் மாணவர்களுள் பெரும்பாலோர் தொழிற்பேட்டையில் பணிபுரிவோரின் பிள்ளைகள். அவர்கள் தாமே பணம் சேர்த்து வாங்கிய தொட்டி அது. நீளம் 90 சென்டிமீட்டர், அகலம் 30, உயரம் 45. அதில் கப்பிகளும் மாலிகளும் நீந்திக்கொண்டிருந்தன. இடைவேளைதோறும் கீழ்வகுப்புச் சிறுவர்கள் ஓடிவந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, முன்புறக் கண்ணாடியின் இடது கீழ்மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் ஒரு கோட்டைக் கண்டேன். மயிரிழை போன்ற கோடு. நீளம் ஒரு சாண் இருக்கலாம். ஒரு சொட்டு நீரும் கசியவில்லை. கசிந்திருந்தால் வழக்கே எழுந்திராது. கசியாததனால்தான், "பசை தடவினால் போதுமே, சார்" என்று மாணவர்கள் மன்றாடினார்கள். தாம் வாங்கிய பொருளின் மீது அவர்களுக்கு அத்தனை பற்று. எனக்கும் அவர்கள் பக்கம் சாயவே விருப்பம். எனினும், நீரின் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வோம் என்றேன்.

தொட்டியில் 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றது. அஃதாவது 108 லிட்டர், எடை 108 கிலோ. இந்த எடையைத் தாங்குவது அடிக் கண்ணாடியும் மேசையும். முன்புறக் கண்ணாடியை நீர் பக்கவாட்டில் தள்ளுவதோ வேறு கணக்கு. நீரின் அழுத்தம் மேல்மட்டத்தில் ஒன்றுமில்லை. ஆழம் செல்லச் செல்லக் கூடுகிறது. மேலிருந்து கீழ்வரை கூட்டிப் பார்த்தால், அந்த ஒரு கண்ணாடியின் மீது மட்டும் ஏறத்தாழ 72 கிலோ எடைக்கு ஈடான விசை, இரவும் பகலும் ஓயாமல் தள்ளிக்கொண்டிருந்தது. வளர்ந்த ஆள் ஒருவர் கண்ணாடியின் மீது சாய்ந்துகொண்டே இருப்பதைப் போன்றது இது. இதில் ஒரு விந்தை என்னவெனில், தொட்டியின் அகலம் இக்கணக்கில் வருவதே இல்லை. அக்கண்ணாடிக்குப் பின்னே பழவேற்காட்டு ஏரியே பரந்து கிடந்தாலும், நிற்கும் நீரின் உயரம் அதுவேயானால் விசையும் அதுவேதான்! உயரத்தை மாற்றினால்தான் கதை மாறும். நீரைப் பாதியாகக் குறைத்தால் விசை பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. 72 கிலோ 18 கிலோவாகும். ஆகவே நாங்கள் முதலில் செய்த காரியம், ஒரு ரப்பர்க் குழாயை இட்டுப் பாதி நீரை வாளிகளில் இறக்கியதுதான். விரிசலைக் கண்டவுடன் எவரும் செய்யவேண்டியதும் அதுவே, யோசனையெல்லாம் பிறகு.

இனி, விரிசல் என்பது யாது? துணிக்கடையில் கவனித்திருப்பீர்கள். கடைக்காரர் கத்தரிக்கோலால் துணியின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கையாலேயே சர்ரென்று கிழித்துவிடுகிறார். வெட்டில்லாத துணியை அவ்வாறு கிழிக்க அவராலும் இயலாது. இழுக்கும் விசை முழுவதும் வெட்டின் நுனியில் வந்து குவிவதே காரணம். கண்ணாடியிலும் இதுவே நிகழ்கிறது என்பதைக் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலறிஞர் 1921-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் விளக்கினார். விரிசல் நீள நீள, அதை மேலும் நீட்டத் தேவையான இழுவிசை குறைந்துகொண்டே போகும். நீரால் தள்ளப்படும் கண்ணாடியின் நடுப்பகுதி வெளிப்புறமாகச் சற்றே வளைகிறது. அங்கே வெளிமுகம் இழுபடுகிறது. கண்ணாடியோ நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. போதாக்குறைக்கு, விரிசலின் நுனியில் இழுபட்டு நிற்கும் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்புகளை ஈரம் மெல்ல மெல்ல அறுக்கவும் செய்கிறது. அசையாமல் நிற்பதாகத் தோன்றும் விரிசல், உண்மையில் நகர்ந்துகொண்டிருக்கக்கூடும்.

மாணவர்கள் நம்பவில்லை. ஆதலால் விரிசலின் நுனியில் மெழுகுப் பென்சிலால் ஒரு குறியிட்டோம். பாதி நீர்தான் இருந்தது. ஆயினும் புதன்கிழமை காலையில் கோடு குறியைத் தாண்டி ஒரு விரற்கடை சென்றிருந்தது. அதன்பின் பசை தடவும் பேச்சை எவரும் எடுக்கவில்லை. பசை நீரைத் தடுக்குமேயன்றிக் கண்ணாடிக்கு வலுவூட்டாது.

எல்லாப் பழுதுக்கும் புதுத்தொட்டிதான் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணாடிகள் ஒன்றோடொன்று சேரும் மூட்டில் மட்டும் கசிந்தால், அத்தொட்டியைத் தூக்கி எறிவது வீண்செலவு. பழைய சிலிக்கோன் பசையை முற்றிலும் சுரண்டி எடுத்துவிட்டு, துடைத்து உலர்த்திப் புதிதாகப் பூசலாம். பழைய பசையின் மீது புதியது நன்கு பற்றாது என்பதை மறக்கலாகாது. குளியலறைக்கென்று பூஞ்சைக்கொல்லி கலந்து விற்கும் பசை மீன்களுக்கு நஞ்சு. பசை இறுகும்போது எழும் காடிவாடை அறவே நீங்கும்வரை பொறுத்திருக்கவேண்டும். அடிக்கண்ணாடியின் விரிசல் இரண்டுங்கெட்டான். உட்புறமாகப் பெரியதொரு கண்ணாடித் துண்டை ஒட்டினால், நீரே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். என் வீட்டுச் சிறு தொட்டியானால் அதைச் செய்து பார்ப்பேன். குழந்தைகள் மூக்கை ஒட்டி நிற்கும் இடத்தில் செய்யமாட்டேன்.

பெரிய தொட்டிகளும் இவ்விதிக்கு விலக்கல்ல. ஜெர்மனியின் பெர்லின் நகரத்து விடுதியொன்றின் கூடத்தில், 14 மீட்டர் உயரமுள்ள அக்ரிலிக் உருளைத் தொட்டி ஒன்று 2003 முதல் நின்றது. பத்து லட்சம் லிட்டர் நீர், ஏறத்தாழ 1,500 மீன்கள். நீரை வடித்துப் புதுப்பிக்கும் பணி நிறைவேறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 2022 டிசம்பர் 16 அன்று விடியுமுன் அது திடீரென வெடித்துச் சிதறிற்று. மீன்களில் பெரும்பாலானவை மாண்டன. கூடத்தில் மக்கள் நிறைந்திருக்கும் பொழுதாக அது இல்லாதது பெரும்பேறு. இருவர் மட்டுமே காயமுற்றனர். வல்லுநர்கள் துண்டுகளைப் பொறுக்கி ஆராய்ந்தும், ஒட்டிய இணைப்பா, புதுப்பிப்பின்போது நேர்ந்த குறையா என்று அறுதியிட்டுக் கூற முடியவில்லை.

எங்கள் தொட்டியின் காரணம் அவ்வளவு மறைவானதன்று. ஃபிட்டராகப் பணிபுரியும் ஒரு மாணவியின் தந்தை வந்து, மேசையின் மீது ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். ஒரு கால் குட்டை. பலகையும் நடுவில் தொய்ந்திருந்தது. அடி சமமாகப் படியாமல் தொட்டி முறுக்குண்டு நின்றிருக்கிறது. விரிசல் மூலையில் தொடங்கியதன் மர்மம் அதுவே. மேசையைச் செப்பனிடாமல் புதுத்தொட்டியை வைத்திருந்தால் அதுவும் உடைந்திருக்கும். அவரே காலைச் சரிசெய்து, தடித்த பலகையிட்டு, அதன்மேல் தெர்மாகோல் விரித்துக் கொடுத்தார்.

வண்ணமீன்களுக்குப் பெயர்பெற்ற கொளத்தூருக்குச் சென்று புதிய தொட்டி வாங்கி வந்தோம். முன்கண்ணாடியை மட்டும் மாற்றலாமா என்று கேட்டதற்கு, எல்லா மூட்டுகளையும் அறுத்துச் சுரண்டும் கூலியில் புதியதே வந்துவிடும் என்றார் கடைக்காரர். அவர் கூற்று நியாயமாகவே பட்டது.

ஆனால் பழைய மணலையும் வடிகட்டிப் பஞ்சையும் நாங்கள் குழாய்நீரில் கழுவவில்லை. மீன்கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அவற்றில்தான் குடியிருக்கின்றன. புதுத்தொட்டியில் அவை தாமாகப் பெருக வாரக்கணக்காகும்; அதற்குள் மீன்கள் மடிந்துபோகலாம். மாணவர்கள் காத்துவந்த தொட்டியின் உயிர் கண்ணாடியில் இல்லை, அந்த அழுக்குப் பஞ்சில் இருந்தது. பழைய நீரிலேயே நனைத்துவைத்து, மீன்களோடு ஒரே நாளில் குடிமாற்றினோம். ஒரு மாலி மட்டும் இறந்தது.

பழைய தொட்டியின் பின்கண்ணாடி பழுதற்றிருந்தது. அதைக் கண்ணாடி வெட்டுபவரிடம் கொடுத்து, ஓரங்களைத் தேய்த்துப் புதுத்தொட்டிக்கு மூடியாக்கிவிட்டோம்.