கண்ணில் குற்றமில்லை!

2001-ம் வருஷம் கடலூர் மாவட்டம் பண்ருட்டி வட்டாரத்தில் கள்ளச் சாராயம் குடித்து ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போயிற்று.

இப்படிப் பார்வை இழந்தவரின் கண்ணை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. சிவப்பு இல்லை, பூ விழவில்லை. எல்லாம் பனி மூடினாற்போல் வெளுப்பாகத் தெரிகிறது என்பார் நோயாளி. டாக்டர் டார்ச் விளக்கை அடிக்கிறார். கண்ணின் பாவை அகலத் திறந்தபடியே நிற்கிறது. வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லை!

குட்டு அங்கேதான் வெளிப்படுகிறது. சாராயத்தில் கலந்த மெத்தனால், உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கியிருக்கிறது. பழுது கண்ணுக்குப் பின்னால்!

கண்ணின் நடுவே உள்ள கறுப்புத் துவாரத்துக்குப் பாவை என்று பெயர் வைத்தவர் ரசிகராகத்தான் இருக்க வேண்டும். எதிரே நிற்பவர் அதிலே பொம்மை போலத் தெரிகிறாரல்லவா? லத்தீன்காரர்கள் இட்ட பெயருக்கும் அதே பொருள்தான்.

வெளிச்சம் பட்டதும் சேதி பார்வை நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. மூளையிலிருந்து வேறொரு நரம்பு வழியே உத்தரவு வந்து பாவையைச் சுருக்குகிறது. ஒரு கண்ணில் ஒளி பட்டாலும் உத்தரவு இரண்டுக்கும் வரும். ஆகவே, டாக்டர் டார்ச்சை இரு கண்களுக்கும் மாற்றி மாற்றி ஆட்டுகிறார். நல்ல கண்ணில் பட்டபோது சுருங்கிய பாவைகள், மற்றதற்கு மாறியதும் விரிந்தால், அந்தப் பக்கத்து நரம்பில் கோளாறு. புரை எவ்வளவு முற்றினாலும் பாவை இப்படிச் செய்யாது. ஆனால் இரு கண்களும் ஒரே அளவு கெட்டிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். சாராய விஷத்தில் பெரும்பாலும் அப்படித்தான்.

காலையில் என்ன செய்தீர்கள்?

சிதம்பரத்தைச் சுற்றிலும் நெல் வயல்கள். சிலவகைப் பூச்சி மருந்தின் விஷம் ஏறினால் பாவை ஊசிமுனையாகக் குறுகும். ஊமத்தைச் செடியைப் பிடுங்கிய கையால் கண்ணைக் கசக்கினாலோ, பாவை விரிந்துவிடும். அது தானாகவே சரியாகும். அதனால்தான் அனுபவசாலியான டாக்டர் ஸ்கானுக்கு முன்னால், காலையில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்கிறார்.

ஒரு பாவை மட்டும் விரிந்து, இமை தொங்கி, கடும் தலைவலியும் சேர்ந்தால் விஷயம் வேறு. மூளையில் ரத்தக் குழாய் புடைத்து நரம்பை நெருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கு ஆபத்து. இதற்குக் கண்ணாடிக் கடைக்குப் போய் நாளைக் கடத்தக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிதான். கடலூரில் அரசு தலைமை ஆஸ்பத்திரி உண்டு. சிதம்பரத்தில் 1985-ல் ஏற்பட்ட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, இப்போது அரசுக் கல்லூரி ஆகிவிட்டது.

மெத்தனாலுக்கும் மாற்று மருந்து உண்டு. டயாலிசிஸ் செய்து விஷத்தை வெளியேற்றவும் முடியும். சங்கடம் என்னவென்றால், குடித்தவுடன் ஒன்றும் தெரிவதில்லை. இரவு குடித்தவர் காலையில் எழுந்து வழக்கம்போல் வேலைக்குக் கிளம்புவார். பார்வை மங்குவது மத்தியானம் ஆகலாம்.