பனி பார்க்காத ஊரில் பனி பெய்தால்: பிள்ளையோடு விளையாடப் பெற்றோரும் கற்க வேண்டியிருந்தது

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பனிக்குப் பேர்போன ஊர் அல்ல. மெக்சிகோ வளைகுடாவுக்கு அருகில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் அந்நகரில் வெயிலும் புழுக்கமும் பெருமழையும்தான் வழக்கம். கோடையில் அங்கு போகும் மலேசியருக்கு ஊர் மாறிய உணர்வே வராது. அங்குதான் 2025 ஜனவரி 21ஆம் தேதி ஒரே நாளில் 8 அங்குலப் பனி, அதாவது சுமார் 20 செண்டிமீட்டர், கொட்டியது. அந்நகர விமான நிலையத்தில் அதற்கு முன் பதிவான உச்சம் 1963 டிசம்பர் 31இல் பெய்த 2.7 அங்குலம்.

நெடுஞ்சாலை மூடப்பட்டது, விமானங்கள் ரத்தாயின, பள்ளிகளுக்கு விடுமுறை. பெரியவர்களுக்குத் தலைவலி, பிள்ளைகளுக்குத் திருவிழா.

அங்கு இதற்கு முன் ஓர் அங்குலம் அளவுக்காவது பனி பெய்தது 2008 டிசம்பரில். எனவே பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட உள்ளூர்ப் பிள்ளைகள் தங்கள் ஊரில் இப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. பெற்றோர் பலருக்கும் அனுபவம் கிடையாது. சைக்கிள் ஓட்டவோ நீந்தவோ சொல்லிக்கொடுக்கும்போது அப்பாவுக்கு முன்பே தெரிந்திருக்கும். இதில் அப்பாவும் பிள்ளையும் ஒரே வகுப்பு.

கையுறை இல்லாதவர்கள் காலுறையைக் கையில் மாட்டினார்கள். சறுக்கு வண்டிக்குப் பதில் அட்டைப் பெட்டியும் நீச்சல் குள மிதவையும் வந்தன. தட்டையான அந்த ஊரில் சறுக்குவதற்குச் சரிவு ஏது? வெள்ளத்தைத் தடுக்க ஆற்றோரம் எழுப்பிய கரைதான். பெற்றோர் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அங்கிருந்து சறுக்கினார்கள்.

இவ்வளவு பனி எப்படி வந்தது? வடதுருவத்துக் குளிர்காற்று அவ்வப்போது தெற்கே இறங்கும். ஆனால் அது பெரும்பாலும் வறண்ட காற்று. குளிரும், பனி பெய்யாது. ஈரம் வளைகுடாவிலிருந்து வர வேண்டும். அந்த ஈரக்காற்றோ வெப்பத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். பனி வழியிலேயே உருகி மழையாகிவிடும். மேகம் முதல் தரைவரை குளிர் நிலைத்திருக்க, அதே வேளையில் கடலோரத்தில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று ஈரத்தையும் கொண்டுவந்து சேர்ப்பது அபூர்வம். அன்று இரண்டும் கூடின.

முதல் பனியில் பிள்ளைகள் ஏமாறும் ஓர் இடம் உண்டு: உருண்டை பிடிபடாது. உறைநிலையை ஒட்டிய பனியில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அது கொழுக்கட்டை மாவுபோல் ஒட்டும். கடுங்குளிரில் பெய்தது வறண்ட அரிசிமாவு போல விரல் இடுக்கில் உதிரும். கொஞ்சம் வெயில் ஏறக் காத்திருந்தால் பனிமனிதன் உருவாவான்.

விளையாட்டில் ஆபத்தும் உண்டு. சிறு பிள்ளையின் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். எனவே பெரியவர்களைவிட விரைவில் உடல் சூட்டை இழக்கும். உற்சாகத்தில் அது குளிரைச் சொல்லாது. ஈர உடையோ சூட்டை இன்னும் வேகமாக உறிஞ்சும். அதனால் அடிக்கடி உள்ளே அழைத்து, கைகால் விரல்களைத் தொட்டுப் பார்த்து, நனைந்ததை மாற்ற வேண்டும். மரத்துப்போன விரலைத் தேய்க்கக் கூடாது, கொதிநீரிலும் வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீர் போதும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் பனியோடு மின்சாரமும் போனபோது, சூட்டுக்காகக் காரை மூடிய கொட்டகையில் ஓடவிட்டவர்களும் வீட்டுக்குள் கரி மூட்டியவர்களும் இருந்தார்கள். மணமில்லாத கார்பன் மோனாக்சைடு வாயுவால் குடும்பங்கள் பாதிக்கப்பட்டன, உயிர்களும் போயின. குளிர்நாட்டுக்குப் பிள்ளைகளோடு சுற்றுலா போகும் நம்மவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

நம் நாட்டில் இப்படி நடக்குமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேமரன் மலையின் தானா ராத்தாவில் 1978 பிப்ரவரி 1ஆம் தேதி 7.8 டிகிரி பதிவானதுதான் அங்கு கண்ட கடுங்குளிர். பனிக்கு அதுவும் போதாது. நம்மூரில் எப்போதாவது விழும் ஆலங்கட்டி வேறு: இடிமேகத்தின் உச்சியில் உறைந்து, உருகி முடிவதற்குள் தரைக்கு வந்துவிடும் பனிக்கட்டி அது. தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல் மார்கழிக் காலைத் துளியையும் இமயத்து வெண்மையையும் குறிப்பதால், விளக்குகிற பெற்றோருக்குக் கூடுதல் வேலை.

பனியைத் தின்னலாமா? புதிதாக விழுந்து, யாரும் மிதிக்காத வெண்பனியைக் கொஞ்சம் ருசிக்கலாம். முதலில் விழுந்தது காற்றிலுள்ள தூசியை இழுத்து வந்திருக்கும், அதை விட்டுவிடுவது நல்லது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அதில் கெட்டிப் பாலும் சீனியும் வெண்ணிலா எசன்சும் கலந்து பிள்ளைகளுக்குக் கிண்ணத்தில் கொடுக்கிறார்கள். ஏறக்குறைய நம் ஐஸ் கச்சாங், கச்சாங் மட்டும் இல்லை.